25 நிமிஷப் படிப்பு குரூப் 4க்கு ஒத்துவருமா?

கம்பத்தான்:
எங்க செட்ல எல்லாரும் டைமர் வச்சுத்தான் படிக்கிறாங்க. 25 நிமிஷம் படிப்பு, 5 நிமிஷம் ஓய்வு. நாலு சுத்து முடிஞ்சா கால் மணியோ அரை மணியோ பெரிய ஓய்வு. எனக்கு ஒப்பல. குரூப் 4 பரீட்சை 3 மணி நேரம், 200 கேள்வி. நடுவுல எந்திரிச்சுப் போக எவன் விடுவான்? ‘காலமும் வேலையும்’ கணக்கு பாதியில நிக்கும்போது டைமர் கத்துனா, திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்.

குமுளி ராணி:
அண்ணே, 3 மணி நேரம் உட்கார்ந்து பழகத்தான் மாதிரித் தேர்வு இருக்கு. தினப் படிப்பை ஏன் அதோட முடிச்சுப் போடுறீங்க? இந்த முறையை 1980களோட கடைசியில கொண்டுவந்த பிரான்செஸ்கோ சிரில்லோ அப்ப காலேஜ்ல படிச்சவர்தான். சமையக்கட்டு டைமரை வச்சு ஆரம்பிச்சார். நான் பகல் பூரா ஏலக்காய் தரம் பிரிச்சிட்டு வர்றேன். ராத்திரி ‘3 மணி நேரம் படிக்கணும்’னு நினைச்சாலே கண்ணு சொருகுது. ‘25 நிமிஷம்தானே’ன்னா புத்தகத்தைத் தொறந்துர்றேன். நான் எழுதுறது கேரள பி.எஸ்.சி. தப்பா ஒரு விடை போட்டா மூணுல ஒரு பங்கு மார்க் போகும். அசதியில படிச்சு அரைகுறையா ஞாபகம் வச்சா எனக்குத்தான் நட்டம். உங்க குரூப் 4ல அந்தக் கழித்தல் இல்ல, அதான் தெம்பாப் பேசுறீங்க.

கம்பத்தான்:
அந்தக் கடைசி வரி வேணாம் தங்கச்சி.

போடி வாத்தியார்:
டைமர் எங்க இருக்கு? போன்ல. ஓய்வுன்னு எடுத்தா ரீல்ஸ். அந்த அஞ்சு நிமிஷம் அரை மணி ஆகுது. பிள்ளைகள் கெட்டுப்போறது இங்கதான், 25லயும் 50லயும் இல்ல. பழைய அலாரக் கடிகாரம் வையுங்க. ஓய்வுன்னா எந்திரிச்சுத் தண்ணி குடிக்கணும், வாசல் வரைக்கும் நடக்கணும். அடுத்த சுத்துல முதல் அஞ்சு நிமிஷம் புத்தகத்தை மூடிட்டு முன்னாடி படிச்சதை எழுதிப் பாருங்க. பொருளில்லாத அசைகளை மனப்பாடம் பண்ணி எபிங்காஸ்ங்கிற ஜெர்மன் உளவியல் அறிஞர் 1885லயே காட்டினார்: திரும்பப் பார்க்காட்டி முதல் நாள்லயே பெரும்பகுதி மறந்துரும். திருக்குறளுக்கு 25 போதும். கணக்குக்கு 50 எடுத்துக்கிட்டு 10 நிமிஷம் ஓய்வு.

கம்பத்தான்:
கணக்குக்கு 50ன்னா அது என் கட்சிதானே வாத்தியாரே!

குமுளி ராணி:
கூடவே 10 நிமிஷ ஓய்வும் சொல்லியிருக்காரு. அதை மட்டும் படிக்கலையோ அண்ணே?

கம்பத்தான்:
படிச்சேன். கணக்கு முடிஞ்சாத்தான் எந்திரிப்பேன், மணியடிச்சதுக்காக இல்ல.