டென்ட்டோடு நீண்ட பைக் பயணம்: எதை எடுப்பது, எதை விடுவது, எங்கே கட்டுவது?

மண்சாலை:

வணக்கம். அடுத்த மாதம் தனியாக ஒரு நீண்ட பைக் பயணம் கிளம்புகிறேன். மூன்று வாரம் போல ஆகும், இரவுகளில் பெரும்பாலும் டென்ட்தான். வண்டி 400 சிசி, செயின், ஸ்போக் சக்கரம், டியூப் டயர், சென்டர் ஸ்டாண்ட் கிடையாது. இதற்கு முன் போனதெல்லாம் அறை எடுத்துத் தங்கும் பயணங்கள், ஒரு முதுகுப்பையோடு முடிந்துவிட்டது. இப்போது டென்ட், ஸ்லீப்பிங் பேக், மேட், அடுப்பு, பாத்திரம், ஸ்பேனர் செட், மூன்று வாரத்துக்கான துணி, மடக்கு நாற்காலி என்று எல்லாவற்றையும் தரையில் பரப்பினால் அறையில் நடக்க இடமில்லை. சரி, கட்டித்தான் பார்ப்போமே என்று பின்சீட்டிலும் கேரியரிலும் அடுக்கிக் கட்டினேன். உட்கார்ந்தால் மூட்டை என் தோள் உயரத்துக்கு நிற்கிறது. தெருவை ஒரு சுற்று சுற்றி வந்தேன், ஹேண்டில் லேசாகிவிட்டது போலத் தோன்றுகிறது, மெதுவாகத் திருப்பும்போது வண்டி தன் இஷ்டத்துக்குச் சாய்கிறது.

பக்கவாட்டில் அலுமினியப் பெட்டி போடுவதா, துணிப்பை போதுமா? எதைக் குறைப்பது? வண்டியில் என்னென்ன பார்க்க வேண்டும்? கிடைக்கும் பட்டியல்கள் எல்லாம் 'இதையும் எடுங்கள், அதையும் எடுங்கள்' என்றுதான் சொல்கின்றன, எதை விடலாம் என்று ஒருவரும் சொல்வதில்லை.

பழைய_ஸ்ப்ராக்கெட்:

ஹேண்டில் லேசானது போலத் தோன்றவில்லை, லேசாகவே ஆகியிருக்கிறது. பின் அச்சுக்கும் பின்னால் போய் உட்காரும் ஒவ்வொரு கிலோவும் சீ-சா பலகை போல முன்சக்கரத்தின் மேலிருக்கும் எடையைத் தூக்கிவிடுகிறது. மெதுவாகப் போகும்போது அது தள்ளாட்டம், வேகம் பிடித்தால் வண்டி முழுவதும் இடமும் வலமும் நெளிய ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் பயந்து ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தால் நெளிவு கூடும், பிடியைத் தளர்த்தி ஆக்சிலேட்டரை மெல்லக் குறைப்பதுதான் வழி. அதனால் பெட்டியா பையா என்பதை அப்புறம் பார்க்கலாம். மொத்த எடை எவ்வளவு, அது எங்கே இருக்கிறது என்பதுதான் முதலில்.

வண்டியின் கையேட்டில் அதிகபட்ச சுமை எவ்வளவு என்று போட்டிருக்கும். அதில் நீங்களும் அடக்கம், உங்கள் ஹெல்மெட், பூட்ஸ், ஜாக்கெட், பெட்டி, பெட்டியை மாட்டும் இரும்புச் சட்டம் எல்லாமே அடக்கம். அலுமினியப் பெட்டி ஜோடியும் அதன் சட்டமும் சேர்ந்தால் காலியாகவே 15 கிலோ வரை வந்துவிடும். கேரியருக்குத் தனி வரம்பு உண்டு, பல வண்டிகளில் அது 10 கிலோவைத் தாண்டாது, அதை யாரும் பார்ப்பதே இல்லை, கரடுமுரடான பாதையில் கேரியர் விரிசல் விட்ட பிறகுதான் பார்க்கிறார்கள். எடை மெஷினில் முதலில் நீங்கள் மட்டும் ஏறுங்கள், பிறகு ஒவ்வொரு பையையும் தூக்கிக்கொண்டு ஏறுங்கள், வித்தியாசத்தைத் தாளில் எழுதுங்கள். எதை விடலாம் என்று கேட்டீர்களே, அந்தத் தாளே சொல்லிவிடும்.

வைக்கும் இடம்: ஸ்பேனர், டியூப், தண்ணீர், அடுப்பு எல்லாம் கனமானவை. பக்கவாட்டுப் பைகளின் அடியில், முடிந்த அளவு முன்பக்கமாக. டென்ட்டைப் பின்சீட்டில் குறுக்கே, உங்கள் முதுகை ஒட்டிக் கட்டுங்கள். அதற்கும் பின்னால், கேரியரில், ஸ்லீப்பிங் பேக் மாதிரி பெரிதாக இருந்தாலும் எடை இல்லாதது மட்டும். இடமும் வலமும் ஏறக்குறைய சமமாக இருக்கட்டும். சைலன்சர் பக்கத்துப் பை அதைத் தொடுகிறதா என்பதை வண்டி நிற்கும்போது மட்டும் பார்த்தால் போதாது, ஏறி உட்கார்ந்து சஸ்பென்ஷன் அமுங்கிய நிலையிலும் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

கொக்கி போட்ட எலாஸ்டிக் கயிற்றை நம்பி மூட்டை கட்டாதீர்கள். குலுக்கலில் நீண்டு சுருங்கி நழுவும், கொக்கி தெறித்தால் கண்ணுக்கு ஆபத்து. பக்கிள் வைத்த தட்டை ஸ்ட்ராப்தான் சரி, அதிலும் மிச்சமிருக்கும் நுனியைச் சுருட்டி டேப் ஒட்டிவிட வேண்டும், தொங்கும் நுனி செயினுக்குள் போனால் பின்சக்கரமே பூட்டிக்கொள்ளும். கிளம்பி அரை மணி நேரத்தில் ஒருமுறை நிறுத்தி எல்லா ஸ்ட்ராப்பையும் இழுத்துப் பாருங்கள், பை அமுங்கித் தளர்ந்திருக்கும்.

சுமை ஏற்றியபின் மாற்ற வேண்டியவை: பின் டயர் காற்று, கையேட்டில் முழுச் சுமைக்கென்று கொடுத்திருக்கும் அளவுக்கு, டயர் குளிர்ந்திருக்கும்போது. பின் சஸ்பென்ஷனின் பிரீலோடை, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் அளவை, கூட்டுங்கள், இல்லையென்றால் பின்பக்கம் தாழ்ந்து ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். செயின் தளர்வையும் மறக்க வேண்டாம். பின்பக்கம் அமுங்க அமுங்க செயின் இறுகும், சும்மா நிற்கும்போதே இறுக்கமாக வைத்திருந்தால் சுமையோடு பள்ளத்தில் இறங்கும்போது பேரிங்குக்குக் கேடு.

ஈரக்_காலுறை:

மேலே சொன்னதோடு முக்கால்வாசி ஒத்துப்போகிறேன். பெட்டி விஷயத்தில் என் கட்சி வெளிப்படை: மண்பாதை இருந்தால் துணிப்பை. கீழே விழுந்தால் கால் பெட்டிக்கு அடியில் மாட்டி எலும்பு முறிய வாய்ப்பு அதிகம், பையில் அந்தப் பயம் குறைவு, எடையும் பாதிதான். முழுக்கத் தார்ச்சாலை, அடிக்கடி வண்டியை விட்டு நடந்து போவீர்கள், பூட்டு வேண்டும் என்றால் பெட்டி.

இனி படுக்கை. டென்ட் வாங்கும்போது எடையைப் பார்க்கிறோம், மடித்த நீளத்தைப் பார்ப்பதில்லை. கம்பி 45 செ.மீ.க்கு மேல் என்றால் பல பக்கவாட்டுப் பைகளில் நுழையாது. கம்பியையும் துணியையும் ஒரே உறையில் வைக்க வேண்டும் என்று சட்டமா என்ன, பிரித்து வையுங்கள். தனியாள் என்றாலும் இருவர் டென்ட் எடுங்கள், மழை நாளில் ஜாக்கெட், பூட்ஸ், ஹெல்மெட் எல்லாம் உள்ளே வந்தாக வேண்டும். கம்பியைக் கோத்ததும் தானாக நிற்கும் வகை நல்லது, கெட்டியான தரையில் முளை இறங்காது. தரைவிரிப்பு டென்ட்டின் விளிம்புக்கு உள்ளேயே அடங்க வேண்டும், வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீரைப் பிடித்து நேராக உங்களுக்கு அடியில் கொண்டுவந்து சேர்க்கும்.

ஸ்லீப்பிங் பேக்கில் இரண்டு வெப்பநிலை போட்டிருக்கும், கம்ஃபர்ட், லிமிட் என்று. கம்ஃபர்ட் எண்ணை வைத்து வாங்குங்கள். லிமிட் என்பது குளிரைச் சகித்துச் சுருண்டு படுத்தால் ஓட்டலாம் என்கிற எல்லை, மறுநாள் எட்டு மணி நேரம் வண்டி ஓட்டப் போகிறவருக்கு அது தூக்கமே இல்லை. ஆனால் குளிர் பெரும்பாலும் மேலிருந்து வருவதில்லை, தரையிலிருந்து வருகிறது. உடம்புக்கு அடியில் பேக் நசுங்கிவிடுவதால் அங்கே அதன் வெப்பம் வேலைக்கு ஆகாது, மேட்தான் காக்கும். மேட்டின் ஆர்-வேல்யூ, அதாவது குளிரை எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் எண், வெயில் காலத்துக்கு 2 போதும், உறைநிலையை நெருங்கும் இரவுகளுக்கு 4 வேண்டும். இரண்டு மேட்டை ஒன்றன்மேல் ஒன்று போட்டால் எண்களைக் கூட்டிக்கொள்ளலாம், அதனால் மெல்லிய ஃபோம் ஒன்றைக் கூட வைத்தால் காற்றடைக்கும் மேட்டில் ஓட்டை விழுந்த இரவிலும் முழுசாக மாட்டிக்கொள்ள மாட்டீர்கள்.

மூன்று வாரத்துக்குத் துணியா? மூன்று நாளுக்கு எடுங்கள், துவைத்துக் காயப்போடுங்கள். பருத்தி வேண்டாம், நனைந்தால் காயவே காயாது. ஒரே ஒரு விதிவிலக்கு: தூங்குவதற்கென்று ஒரு செட் உடையும் ஒரு ஜோடி காலுறையும், எத்தனை ஈரமானாலும் பகலில் தொடக்கூடாது. இவை ஸ்லீப்பிங் பேக்கோடு சுருட்டி மூடும் டிரை பேக்கில். வாயை மூன்று சுற்றாவது சுருட்டினால்தான் அது டிரை பேக், ஒரு சுற்று சுருட்டி பக்கிள் போட்டால் வெறும் பை. ரெயின்கோட் எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு ஸ்ட்ராப்பைக்கூட அவிழ்க்காமல் எடுக்க முடிகிற இடத்தில். நனைந்த டென்ட்டின் வெளித்துணிக்கு ஒரு தனிப் பை, காய்ந்த சாமானோடு அதைச் சேர்த்துவிட்டால் மறுநாள் எல்லாமே ஈரம்.

மண்சாலை:

எடை போட்டுப் பார்த்தேன். சாமான் மட்டும் 46 கிலோ! ஸ்பேனர் செட் மட்டுமே 7 கிலோ இருக்கிறது. பக்கவாட்டுத் துணிப்பை என்று முடிவு செய்துவிட்டேன். இன்னும் இரண்டு சந்தேகம். பெட்ரோல் அடுப்பா, கேஸ் அடுப்பா? பெட்ரோல் என்றால் டேங்கிலிருந்தே எடுத்துக்கொள்ளலாமே. அப்புறம், டியூப் பஞ்சர் ஆனால் சென்டர் ஸ்டாண்ட் இல்லாமல் எப்படிச் சமாளிப்பது?

ஒட்டுத்துண்டு:

பஞ்சரை நான் எடுத்துக்கொள்கிறேன். முதலில் அந்த 7 கிலோ செட்டைப் பிரியுங்கள். உங்கள் வண்டியில் என்னென்ன நட்டு, போல்ட் இருக்கிறதோ அதற்கான ஸ்பேனரும் ஆலன் கீயும் மட்டும் போதும். கண்டுபிடிப்பது எளிது: சின்னச் சின்ன வேலைகளை அந்தக் கருவிகளை மட்டும் வைத்து வீட்டில் செய்யுங்கள், கை எதைத் தொடவே இல்லையோ அது வீட்டிலேயே இருக்கட்டும். இரண்டு சக்கரத்தின் அச்சு நட்டுக்கான ஸ்பேனர் இருக்கிறதா என்று மட்டும் தனியாகப் பாருங்கள், பலரிடம் அதுதான் இருக்காது.

பஞ்சருக்கு: டயர் லீவர் மூன்று, ஒட்டு, சொல்யூஷன், வால்வ் கழற்றும் சின்னக் கருவி, காற்றடிக்க வண்டி பேட்டரியில் ஓடும் சின்ன பம்ப், அது பழுதானால் கைப்பம்ப். ஸ்பேர் டியூப் முன்னும் பின்னும் எடுக்க முடிந்தால் நல்லது, ஒன்றுதான் என்றால் முன்சக்கரத்து அளவை எடுங்கள். 21 அங்குல முன் டியூபை அவசரத்துக்கு 18 அங்குலப் பின்சக்கரத்தில் திணித்து மெதுவாக அடுத்த ஊர் வரை போய்விடலாம், பின் டியூபை முன்னால் போட முடியாது. டியூபைத் துணியில் சுற்றி வையுங்கள், ஸ்பேனரோடு உரசியே பையில் ஓட்டையாகிவிடும். சென்டர் ஸ்டாண்ட் இல்லாததற்கு வழி, சைடு ஸ்டாண்டில் நிறுத்தி, எதிர்ப்பக்கம் ஸ்விங் ஆர்முக்கு (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) அடியில் சரியான நீளத்தில் ஒரு முட்டுக்கம்பி கொடுப்பது. முன் பிரேக் லீவரை ஒரு ஸ்ட்ராப்பால் இறுக்கிக் கட்டிவிடுங்கள், வண்டி உருளாது. கிளம்பும் முன் வீட்டு வாசலில் பின்சக்கரத்தைக் கழற்றி டியூபை எடுத்துத் திரும்பப் போட்டுப் பாருங்கள். டயரின் ஓரத்தை ரிம்மிலிருந்து பிரிப்பதுதான் உயிரை வாங்கும் வேலை, அதை முதல் தடவையாக இருட்டில் மழையில் செய்யக்கூடாது.

டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பட்டன் தேய்ந்திருக்கிறதா என்பதோடு இதையும் பாருங்கள், பாதிக்கு மேல் தேய்ந்த டயரோடு கிளம்பாதீர்கள், சுமையில் மிச்சம் சீக்கிரம் போய்விடும். ஸ்போக்குகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள், இறுகியது கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும். புது கிளட்ச் கேபிள் ஒன்றைப் பழையதன் பக்கத்திலேயே ஓட்டி டேப் ஒட்டிவிடலாம், அறுந்தால் இரண்டு நுனியை மாற்றினால் போதும், பையிலும் இடம் மிச்சம். சர்வீஸை முந்தைய நாள் செய்யாதீர்கள். கழற்றி மாட்டிய எதுவும் தளர்கிறதா, ஒழுகுகிறதா என்று தெரிய 300 கி.மீ.யாவது ஓட்டியிருக்க வேண்டும்.

பழைய_ஸ்ப்ராக்கெட்:

அடுப்பு. கேஸ் என்றால் திருகு, பற்றவை, முடிந்தது. ஆனால் வெறும் பியூட்டேன் 0 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே ஆவியாவதை நிறுத்திவிடும், அடுப்பு எரியாது. குளிருக்கு ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் கலந்த டப்பா வேண்டும், அது எல்லா ஊரிலும் கிடைக்காது. பெட்ரோல் அடுப்பு எந்தக் குளிரிலும் எரியும், எரிபொருளுக்கு அலைய வேண்டாம். பதிலுக்கு கரி, நாற்றம், பற்றவைக்கும்போது ஒரு பெரிய தீச்சுவாலை, அவ்வப்போது ஜெட், அதாவது எரிபொருள் வரும் சின்னத் துளை, அடைப்பு. மூன்று வாரம், ஒதுக்குப்புறமான பாதை என்றால் நான் பெட்ரோல் பக்கம். எதுவாக இருந்தாலும் டென்ட்டுக்குள் எரிக்கவே கூடாது. தீ ஒருபுறம் இருக்கட்டும், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

அந்திப்பொழுது:

எல்லோரும் சாமானைப் பற்றியே பேசுகிறீர்கள், ஓட்டுகிறவரைப் பற்றி ஒரு வரி. காதுக்கு அடைப்பான் வாங்குங்கள் ப்ரோ. நெடுஞ்சாலை வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சல் 90 டெசிபலைத் தாண்டும், நாள் முழுவதும் அதைக் கேட்டால் காதும் கெடும், மாலையில் களைப்பும் இரட்டிப்பாக இருக்கும். போன், அடையாள அட்டை, பணம், அன்றாட மருந்து எல்லாம் ஜாக்கெட் பையில், வண்டியில் அல்ல. விழுந்து வண்டி ஒரு பக்கம் நீங்கள் ஒரு பக்கம் கிடந்தால் போன் டேங்க் பேக்கில் இருந்து என்ன பயன்? முதலுதவிப் பையும் எல்லாவற்றுக்கும் அடியில் வேண்டாம், முன்பின் தெரியாதவர்கூடத் திறந்து எடுக்கும்படி வெளியே தெரிய இருக்கட்டும்.

சூரியன் மறைய ஒன்றரை மணி நேரம் இருக்கும்போதே இடம் பிடித்துவிடுங்கள். டென்ட் பத்து நிமிடத்தில் நின்றுவிடும், ஆனால் தண்ணீர் தேங்காத, காய்ந்த கிளை தலைக்கு மேல் தொங்காத, வண்டி திரும்பி வெளியே வர முடிகிற இடமா என்று பார்க்க வெளிச்சம் வேண்டும். சைடு ஸ்டாண்டுக்கு அடியில் வைக்க ஒரு தட்டை பிளாஸ்டிக் துண்டு எடுத்துக்கொள்ளுங்கள், ஈரமண்ணில் ஸ்டாண்ட் இறங்கி இரவில் வண்டி சாயும். டென்ட்டின் மேலேயே சாயும்படி பக்கத்தில் நிறுத்தாதீர்கள், இதை நிறையப் பேர் யோசிப்பதில்லை.

அடுத்த வாரமே முழுச் சுமையோடு கிளம்பி ஒரே ஓர் இரவு எங்காவது தங்கிவிட்டு வாருங்கள். காலியிடத்தில் யூ-டர்ன், அவசர பிரேக் இரண்டையும் போட்டுப் பாருங்கள், நிறுத்தும் தூரம் எவ்வளவு கூடியிருக்கிறது என்று தெரியும். திரும்பி வந்ததும் தொடாத பொருளை எல்லாம் வெளியே எடுங்கள். மருந்து, மழைக்கோட்டு, பஞ்சர் சாமான் நீங்கலாக!

மண்சாலை:

ரொம்ப நன்றி, எல்லோருக்கும். துணியைக் குறைத்து, ஸ்பேனரைப் பிரித்ததில் 31 கிலோவுக்கு வந்துவிட்டது, மூட்டையும் இடுப்பு உயரத்துக்கு இறங்கிவிட்டது. ஒரே ஒரு குழப்பம், அந்த மடக்கு நாற்காலி. ஒரு கிலோ. வேண்டுமா வேண்டாமா?

பழைய_ஸ்ப்ராக்கெட்:

வேண்டாம். பெட்டி இல்லையென்றால் கல் மேல் உட்காருங்கள்.

ஈரக்_காலுறை:

எடுத்துக்கொள்ளுங்கள். நாள் முழுவதும் சீட்டில் உட்கார்ந்த முதுகுக்குச் சாய ஓர் இடம் வேண்டும், அதற்குப் பதில் அந்த இரண்டாவது ஜீன்ஸை விட்டுவிடுங்கள், அது இன்னும் பையில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

மண்சாலை:

இருக்கிறது. எடுத்துவிடுகிறேன்.