கலைச்சொல் விவாதம்: ஹெச்க்யூபி டிரெய்னிங் = ஆய்வர் ஆளாக்கம்?

அண்ணாச்சி, அக்கா, எல்லாருக்கும் வணக்கம்.

கனடாவுல அறிவியல் ஆய்வுக்குப் பணம் குடுக்குற அரசு அமைப்பு என்எஸ்இஆர்சி, அது குடுக்குற டிஸ்கவரி கிராண்டுங்கிற ஆய்வு நிதிக்கு மூணு விஷயத்த சமமா வச்சு மதிப்பிடுவாங்க. ஆய்வாளர் எப்படி, திட்டம் எப்படி, மூணாவது ஹெச்க்யூபி டிரெய்னிங், அதாவது ‘ஹைலி குவாலிஃபைட் பர்சனல்’, ஆய்வுல தேர்ந்த ஆளுங்களப் பழக்கி விடுறது. இளங்கலைப் பிள்ளைங்கள்ல இருந்து பிஎச்டி, போஸ்ட்டாக் (பிஎச்டி முடிச்சிட்டு ஆய்வு செய்றவங்க), லேப் டெக்னீசியன் வரைக்கும் இதுல சேத்தி. நம்ம கலைச்சொல் பட்டியல்ல இதுக்கு ‘உயர்தகுதிப் பணியாளர் பயிற்சி’ன்னு போட்டிருக்கோம், எனக்கு இது சுத்தமா பிடிக்கல, வேலைக்கு ஆளெடுக்குற அறிவிப்புன்னுதான் படிக்கிறவன் நினைப்பான். அங்க கேக்குறதே வேற: உங்ககிட்ட வந்த பிள்ளை என்ன கத்துக்கிச்சு, ஆய்வுல எந்தப் பகுதிய அது செஞ்சுது, இப்ப எங்க இருக்கு. கட்டுரைல அந்தப் பிள்ளை பேரு இருந்தா பக்கத்துல நட்சத்திரக்குறி போட்டுக் காட்டணும், விண்ணப்பத்துல பேரு போடணும்னா அவங்க சம்மதமும் வாங்கணும்.

நம்ம பக்கத்து உதாரணமே சொல்லுதேன். மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளக்குறவங்களோட ஒரு எம்எஸ்சி பிள்ளை வேலை செஞ்சா. ரப்பர் துளிர்க்கும்போது பூவுல இல்ல, இலைக்காம்பு நுனியில இருக்குற சுரப்பியிலதான் தேன் ஊறும், பெட்டித் தேனீக்கு அதுதான் பெரிய வரத்து, மழைக்காலம் வந்தா வரத்து நின்னுரும், சீனிப்பாகு வச்சுதான் கூட்டத்தக் காப்பாத்தணும், இதெல்லாம் வளக்குறவங்கதான் அவளுக்குச் சொல்லிக்குடுத்தாங்க. அவ என்ன செஞ்சான்னா, பெட்டிக்குள்ள தேனடை கட்டியிருக்குற மரச்சட்டத்த ஒவ்வொண்ணா வெளிய எடுத்து வெயில்ல பிடிச்சுப் பாத்து, அறை மூடுற பருவத்துல செத்துக் கெடக்குற புழுவ இடுக்கியால மெதுவா தூக்கிக் காட்டுவா, தோலுக்குள்ள தண்ணி கோத்து அப்படியே பையா தொங்கும். தாய்லாந்து சாக்புரூட் வைரஸ், 1990கள் தொடக்கத்துல தென்னிந்தியால எக்கச்சக்கமான பெட்டிய காலி பண்ணுன அதே நோய். அவ போனதுக்கப்புறம் அந்த ஊர்க்காரங்களே பாத்ததும் கண்டுபிடிச்சு அந்தப் பெட்டிய தனியா ஒதுக்கி வைக்காங்க.

இவ்வளவும் கிராண்ட் விண்ணப்பத்துல எப்படிப் போச்சு தெரியுமா? ‘மாணவர் பயிற்சி: 1.’ அவ்வளவுதான். பெட்டிய ஒதுக்கி வைக்கிற பழக்கம் வந்துச்சே, அத எழுத ஒரு கட்டமே இல்ல. நல்ல வேலை செஞ்ச பிள்ளையோட உழைப்பு ஒத்த எண்ணாப் போறது எனக்கு மனசு கேக்கல. தலைப்புலயே ‘ஆள உருவாக்குனியா’ன்னு கேள்வி இருந்தா எழுதுறவனும் எண்ணிக்கையோட நிறுத்தமாட்டான்.

அதனால என் முன்மொழிவு ‘ஆய்வர் ஆளாக்கம்’. ‘படிக்க வச்சு ஆளாக்கினாரு’ன்னு நாம தினம் சொல்லுறதுதான். பயன்பாட்டு ஆய்வோட பலன் ஊருக்குள்ள போய்ச் சேருறதுக்கு ‘களப்பயன்’னு வைக்கலாம், இதுல சண்டை வராதுன்னு நினைக்கேன்.

—

தம்பி, களப்பயன் நல்லாருக்கு, அப்படியே வச்சுக்கிடலாம். ஆளாக்கம்தான் இடிக்குது. ‘பிள்ள ஆளாயிட்டா’ன்னா நம்ம ஊர்ல வயசுக்கு வந்ததச் சொல்லுதது, வகுப்புல பொம்பளப் பிள்ளைங்க இருக்கும்போது இத எப்படி வாசிக்க? ‘பழிக்கு ஆளாக்குறது’ன்னும் ஒண்ணு கெடக்கு. பேசாம ‘ஆய்வர் உருவாக்கம்’னு போடுவோமே, யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம்.

—

அக்கா, நீங்க சொல்லுறது நியாயம்தான். ஆனா அந்த அர்த்தம் ‘ஆளாயிட்டா’ன்னு தன்வினைல வரும்போதுதான் இருக்கு. ‘ஆளாக்கினா’ன்னு பிறவினையா சொன்னா பெத்தவங்களும் வாத்தியாரும் செஞ்சது மட்டும்தான் ஞாபகம் வரும். பழி, கேலி இதுக்கெல்லாம் முன்னால ‘-க்கு’ வந்தே தீரும், ‘பழிக்கு ஆளாக்கினான்’, நம்ம சொல்லுக்கு முன்னால ‘ஆய்வர்’ நிக்கிறதால அந்தக் குழப்பமும் வராது. ‘உருவாக்கம்’ ஏற்கனவே ஏகப்பட்டதுக்குப் போட்டாச்சு, மென்பொருள் உருவாக்கம், வேலைவாய்ப்பு உருவாக்கம், கொள்கை உருவாக்கம்னு, ஒரு மனுஷன வளத்து விடுற அழுத்தம் அதுல இல்லக்கா.

ஆனா வகுப்புல வாசிக்கிற சங்கடத்த நான் தள்ளிவிட மாட்டேன். பட்டியல்ல ‘ஆய்வர் ஆளாக்கம்’ முதல்லயும் ‘ஆய்வர் உருவாக்கம்’ மாற்றுச்சொல்லாவும் இருக்கட்டும், ‘ஆளாக்கம்’னு தனியா எங்கயும் எழுத வேண்டாம். அண்ணாச்சி, வர்ற ஞாயிறுக்குள்ள யாரும் மறுப்பு சொல்லலன்னா பழைய ‘பணியாளர்’ சொல்ல எடுத்துட்டு இத ஏத்திருங்க.