திங்கட்கிழமை லீவு

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில், ஆட்களின் வருகையும் லீவும் பதியும் டைம் ஆபீசில் பல வருடம் குப்பை கொட்டியவன் நான். வருகிற மெடிக்கல் சர்டிபிகேட்டில் என்ன வியாதி என்று யார் படித்தோம்? எத்தனை நாள் என்றுதான் பார்ப்போம்.

பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் ப்ளோரூம், அதைச் சிக்கெடுத்துச் சீவும் கார்டிங் ஆகிய பிரிவுகளின் ஆட்கள் அடிக்கடி திங்கட்கிழமை லீவு போடுவார்கள். ஞாயிறு போட்ட சரக்கு இறங்கவில்லை என்பது மேஸ்திரியின் தீர்ப்பு. கார்டிங்கில் இருந்த ஓர் அண்ணனோ குடியைத் தொடாதவர். திங்கள் காலை ஷிப்டுக்கு வந்தால் மதியத்துக்குள் என் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார். புருவத்திலெல்லாம் பஞ்சு. "நெஞ்சை இறுக்கிக் கட்டியதுபோல் இருக்கிறது தம்பி" என்பார். புதன்கிழமை பார்த்தால் ஆள் நன்றாக இருப்பார். அதனாலேயே அவரை ஒருவரும் நம்பவில்லை.

"எந்தக் கிழமையில் அதிகம்?" என்று கேட்டவர், தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ.யின் மருத்துவர் ஒருவர்தான். பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ் அது. ஓய்வு முடிந்து தூசிக்குள் திரும்பும் முதல் நாளில்தான் நெஞ்சு அடைக்கும், பிறகு தணியும். முற்றிவிட்டால் வாரம் முழுக்க அதே அடைப்பு. பீடி பழக்கம் இருந்தால் இன்னும் மோசம்.

சாதாரண நோய் என்றால் இ.எஸ்.ஐ.யில் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். பிசினோசிஸ் சட்டப் பட்டியலில் உள்ள தொழில்நோய். அப்படி ஏற்கப்பட்டால் வேலையில் அடிபட்டதற்குச் சமம், 90 சதவீதம். ஆனால் தொழிற்சாலை ஆய்வாளருக்கும் தகவல் போகவேண்டும். எங்கள் மேனேஜருக்கு அது கசந்தது. "ஆஸ்துமா என்று எழுதி வாங்கி வரட்டுமே" என்றார். மருத்துவர் அசையவில்லை. அண்ணனைப் பேக்கிங் பிரிவுக்கு மாற்றினார்கள்.

*

நீங்கள் எழுதிய திங்கட்கிழமை லீவு கதையைப் படித்தேன் அண்ணா, நான் திருப்பூரில் பனியன் கம்பெனி டெய்லர். என் லீவு லெட்டர்களில் எப்போதும் காய்ச்சல்தான். உண்மையில் நீர்க்கடுப்பு. ஆண் சூப்பர்வைசரிடம் அதை எப்படி எழுதிக் கொடுப்பது? லைனில் ஒருத்தி எழுந்து போனால் அவள் மெஷின் முன்னால் பீஸ் குவிந்துவிடும், அடுத்தவள் சும்மா உட்கார்ந்திருப்பாள், ஏச்சு எழுந்தவளுக்கு. அதற்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்கமாட்டோம். கடுப்பு முற்றி, குளிர்ஜுரம் வந்து, இடுப்பு விட்டுப்போகும்போதுதான் டிஸ்பென்சரிக்கு ஓடுவது. நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்கிறார்கள். துணி நனைந்துவிடும் என்று மெஷின் பக்கத்தில் பாட்டில் வைக்க விடுவதில்லை.