கொடி ஏறும் வளைந்த வாசலுக்கு ஒரு சொல் வேண்டும்

கிளிநொச்சி, தோட்டப் பொறுப்பாசிரியை

குழுவினருக்கு வணக்கம். பாடசாலைத் தோட்டத்து வாசலில் கம்பி வளைத்து நட்டு, பிள்ளைகளைக் கொண்டு கொடி ஏற்றப் போகிறோம். செய்முறைக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். உள்ளே எல்லாம் தமிழில் எழுதியாயிற்று, தலைப்புக்குத்தான் சொல் இல்லை. ஆங்கிலத்தில் 'ஆர்ச் ட்ரெலிஸ்' என்கிறார்கள்.

பொருள் இதுதான். 6 மீட்டர் நீளமான 10 மில்லிமீட்டர் கம்பி இரண்டு. வாசல் அகலம் 4 அடி என்றால் மேலே வரும் அரைவட்டத்துக்கு ஏறக்குறைய 6 அடி 3 அங்குலம் போகும். இரண்டு காலும் நிலத்துக்கு மேலே 5 அடி, நிலத்துக்குள் ஒன்றரை அடி. ஆக 19 அடி 3 அங்குலம், ஒரு வளைவுக்கு ஒரு கம்பி போதும். உச்சி 7 அடியில் நிற்கும், தலையில் பானை வைத்தவரும் குனியாமல் போகலாம். இரண்டு வளைவையும் 2 அடி இடைவெளியில் நட்டு, குறுக்கே தடி கட்டி, கட்டுக்கம்பியால் சதுரம் சதுரமாகப் பின்னவேண்டும். மரத்தில் கால் நட்டால் கறையான் விடாது, அதனால்தான் கம்பி. ஒரு பக்கம் பாவல், மற்றப் பக்கம் சங்குப்பூ.

'வளைவு' என்று மட்டும் போட்டால் பிள்ளைகள் ரோட்டு வளைவை நினைக்கிறார்கள். 'பந்தல்' என்றால் கலியாண வீடு. ஒரு நல்ல சொல் தாருங்கள்.

வவுனியா, இளைப்பாறிய தமிழாசிரியர்

'படர்வளைவு' என்று வையுங்கள் ரீச்சர். படர்ந்த, படர்கின்ற, படரும் என்று மூன்று காலத்துக்கும் பொருந்தும் வினைத்தொகை. ஒற்று எதுவும் இடையில் மிகாது, பிள்ளைகளுக்கு எழுதச் சுலபம். முல்லைக்கொடி பற்றிப் படரக் கொம்பில்லாமல் தவித்ததைக் கண்டு தேரை நிறுத்திவிட்டுப் போனவன் பாரி. அந்தத் தேர்தான் தமிழில் நாம் அறிந்த முதல் படர்வளைவு. கையேட்டின் முகப்பில் இதைச் சேர்த்தால் சிறப்பாக இருக்கும்.

முள்ளியவளை, விவசாயி

ஐயா சொல்வது அழகாக இருக்கிறது. ஆனால் படருவது கொடி, வளைவு படராது. 'படர்கொடி' என்றால் கொடி படர்கிறது. 'படர்வளைவு' என்றால் வளைவே படர்கிறது என்றல்லவா ஆகும்?

எங்கள் பக்கத்தில் புடோலுக்கும் பீர்க்குக்கும் போடுவதைப் பந்தல் என்றுதான் சொல்லுகிறோம். கலியாணத்துக்கும் அதே சொல்தான், ஆனால் தோட்டத்துக்குள் நின்று கேட்டால் ஒருவரும் குழம்பமாட்டார்கள். இது வாசலில் வளைத்துப் போட்ட பந்தல், அவ்வளவுதான். 'வாசல் பந்தல்' போதும்.

பெயரை விட எனக்குக் கவலை சோளகக் காற்று. கொடி மூடினபிறகு வளைவு காற்றை வாங்கும், பாய்க்கப்பல் மாதிரி. மணல் காணியில் ஒன்றரை அடி தாழ்த்தினது காணாது. 2 அடி தாழ்த்தி, காலைச் சுற்றிக் கல் இறுக்குங்கள். அதற்கு வாசலை 3 அடியாக ஒடுக்கினால் அதே கம்பியில் சமாளிக்கலாம்.

வவுனியா

தம்பி, 'ஆடுகளம்' என்ற சொல்லில் களமா ஆடுகிறது? களத்தில் ஆள் ஆடுகிறான். 'குடிநீர்' என்பதில் நீரா குடிக்கிறது? காலம் கரந்த பெயரெச்சம் வினைத்தொகை என்றால், பெயரெச்சம் இடத்தையும் செயப்படுபொருளையும் கருவியையும் தழுவுவது போல வினைத்தொகையும் தழுவும். கொடி படரும் வளைவு படர்வளைவு. இலக்கணத்தில் ஒரு தடையும் இல்லை.

மாங்குளம்

இவ்வளவு தூரம் வந்தும் 'படலை'யை ஒருவரும் நினைக்கவில்லையே! வன்னியில் வாசல் என்றால் வேலியில் திறந்து மூடுகிற படலைதானே. நான் 'கொடிப்படலை' என்பேன்.

சொல்லின் வேரைப் பாருங்கள். ஓலையாலும் முள்ளாலும் கட்டிய தட்டிக்குப் படல் என்று பெயர். படல், படலை, படர், படப்பை எல்லாம் ஒரே 'பட்' அடியிலிருந்து விரிந்தவை என்பது என் துணிபு. படப்பை என்றால் வீட்டை ஒட்டிய தோட்டம். பெரும்பாணாற்றுப்படையில் 'படலைக் கண்ணி' வருகிறது, தழை விரவிக் கட்டின மாலை. தழை சூடின மாலையும் படலை, தழை சூடின வாசலும் படலை! ரீச்சர் தேடுகிற பொருள் இந்த ஒரே சொல்லுக்குள் இருக்கிறது. போர்வையைக் குறிக்கும் படாமும் இதே வேர்தான். பாரி முல்லைக்குத் தேர் கொடுத்தான், பேகன் மயிலுக்குப் படாம் கொடுத்தான், படர்ந்த முல்லையும் போர்த்த படாமும் விரிந்து மூடுகிற பொருள்.

சங்கடப்படலையையும் நினையுங்கள். கூரை போட்ட படலை அது, வழியால் போகிறவர்கள் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்குவார்கள். அந்தக் கிடுகுக் கூரையின் இடத்தில் கொடியை ஏற்றினால் இந்த வாசல்தான்.

வவுனியா

படாமை வடமொழிப் 'பட' என்பதோடு சேர்ப்பவர்களும் உண்டு. அந்த வழக்கை இங்கே தீர்க்க முடியாது, விடுவோம். படலை என்பது திறந்து மூடுவது. இந்த வாசலில் மூடுவதற்கு ஒன்றுமில்லை. ஆடு உள்ளே வந்தால் 'படலை இருக்கிறதே' என்று சொல்லமுடியுமா?

ரொறன்ரோ (சொந்த ஊர் பூநகரி)

'தோரணவாயில்' இருக்கும்போது புதிதாக ஏன் ஆக்கவேண்டும்? வாசலுக்கு மேலே வளைவாக நிற்பதற்கு எல்லோருக்கும் தெரிந்த சொல்.

மாங்குளம்

தோரணம் வடசொல். சாஞ்சித் தூபியின் வாயில்களுக்கும் அதே பெயர்தான். கல்லில் எழுப்பின மாளிகைச் சொல்லைப் பாவல் கொடியில் ஏற்றாதீர்கள்.

ரொறன்ரோ

அண்ணை, நீங்கள் இருக்கிற கதிரை, திறக்கிற யன்னல், உடுப்பு வைக்கிற அலுமாரி மூன்றும் போர்த்துக்கீசம். அவற்றை எறிந்துவிட்டா தமிழ் பேசுகிறோம்? பிள்ளைக்கு விளங்குகிறதா என்பதுதான் கேள்வி. இலங்கையில் பௌதிகவியல், தமிழகத்தில் இயற்பியல். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் சோதனை எழுதித்தான் போகிறார்கள்.

விசுவமடு, தாதி

சனம் தானாக ஆக்கின சொல் ஒன்றைச் சொல்லட்டுமா? கொடித்தோடை, ஆங்கிலத்தில் 'பாஷன் ஃப்ரூட்' என்கிற பழம். எந்தக் குழுவும் கூடி வைத்த பெயர் அல்ல. கொடியில் காய்க்கிற தோடை என்று யாரோ சொன்னார்கள், நின்றுவிட்டது. 'கொடி' என்று தொடங்கினால் எங்கள் ஆட்களுக்கு உடனே பிடிபடும். 'கொடிவளைவு' என்றால் என்ன? அந்த வளைவில் கொடித்தோடையையே ஏற்றலாம், நிழலும் பழமும் கிடைக்கும். ஆனால் அது பாரம், கட்டுக்கம்பியை நெருக்கமாகப் பின்னவேண்டும்.

கிளிநொச்சி

இன்று எட்டாம் வகுப்பில் எல்லாச் சொல்லையும் கரும்பலகையில் எழுதிக் கேட்டேன். 'படர்வளைவு' என்றதும் பேசாமல் இருந்தார்கள். 'கொடிப்படலை' பிடித்திருந்தது, ஆனால் கதவு எங்கே என்று கேட்டார்கள். பிள்ளைகளே 'கொடிவாசல்' என்று ஒன்று சொன்னார்கள். உடனே பின்வாங்கிலிருந்து ஒருவன், "எந்த நாட்டுக் கொடி ரீச்சர்?" என்றான். 'கொடிவளைவு' என்றதும் நான் விளக்க முன்னமே ஒரு பிள்ளை எழுந்துவந்து பலகையில் கீறிக் காட்டினாள், இரண்டு கால், மேலே வளைவு, சுற்றி இலை.

கையேட்டில் 'கொடிவளைவு' போடுகிறேன். முதல் பக்கத்தில் மட்டும் 'வாசலில் வளைத்துப் போடும் பந்தல்' என்று விளக்கம் வரும். வாசலை 3 அடியாக்கி, காலை 2 அடி தாழ்த்துகிறோம். மறுப்பு இருந்தால் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள்.

முள்ளியவளை

விளக்கத்தில் பந்தல் வந்துவிட்டது, எனக்குச் சரி. கல் இறுக்க மறக்கவேண்டாம்.

வவுனியா

கொடிவளைவு என்பதில் எந்த வேற்றுமை தொக்கது என்று பிள்ளைகள் கேட்டால், கொடிக்கு வளைவு, நான்காம் வேற்றுமை என்று சொல்லுங்கள். ஒப்புகிறேன். ஆனாலும் படர்வளைவு நல்ல சொல்.

மாங்குளம்

நான் ஒப்பவில்லை. வளைவு வடிவத்தை மட்டும் சொல்கிறது, வாசலைச் சொல்லவில்லை. கிணற்றடியில் அதே கம்பியை நட்டாலும் அது கொடிவளைவுதானே? தோட்டத்து வாசலில் நிற்பது என்பது எங்கே போயிற்று? பிந்திய பதிப்புக்காவது கொடிப்படலையை வைத்திருங்கள். படப்பைக்கும் படலைக்கும் உள்ள தொடர்பைத் தனியாக எழுதி அனுப்புகிறேன், கொஞ்சம் நீளும்.