அமரீந்தர் சிங் 1965 போரில் சண்டை போட்டாரா, போன் எடுத்தாரா?

ஆவடி பட்டாளம்:
காலையில் எங்கள் அடுக்ககத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு பார்வர்டு. "1965 போரில் முன்வரிசையில் நின்று பாகிஸ்தான் டாங்கிகளை நொறுக்கிய மாவீரன், பின்னாளில் பஞ்சாபை ஆண்ட கேப்டன் அமரீந்தர் சிங்! நம்ம ஊரிலும் இருக்கிறார்களே அரசியல்வாதிகள்!" அனுப்பிய தி.நகர்க்காரர் இங்கேயும் இருக்கிறார், பெயர் வேண்டாம்.

டாங்கியை நொறுக்கினாராம்! அந்தப் போரில் அவர் மேற்குப் பிராந்தியத் தளபதி லெப்டினன்ட் ஜெனரல் ஹர்பக்ஷ் சிங்குக்கு ஏடிசி. ஜெனரல் போகும் இடமெல்லாம் கூடவே போவது, போனை எடுப்பது, யாரை எப்போது பார்க்க வேண்டும் என்று குறித்து வைப்பது. கௌரவமான வேலைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவருடைய சொந்தப் பட்டாலியன் 2 சீக் அதே செப்டம்பரில் காஷ்மீரில் பூஞ்ச் பக்கம் ராஜா பிக்கெட் என்ற பாகிஸ்தான் மலைக் காவல்நிலை மேல் ஏறியது. தலைமை தாங்கிய லெப்டினன்ட் கர்னல் என்.என்.கன்னா அந்தத் தாக்குதலில் உயிரை விட்டார். மகாவீர் சக்கரம் கொடுத்தார்கள். ராஜா பிக்கெட் ஏறும்போது உங்கள் மாவீரர் எங்கே இருந்தார்? அதை மட்டும் சொல்லுங்கள்.

தி.நகர் ரசிகன்:
பெயர் சொல்லாமல் திட்டுவது உங்களுக்குப் பழக்கம்தானே. மழைநீர் வடிகால் விவாதத்திலும் இதையேதான் செய்தீர்கள். சரி, விஷயத்துக்கு வருகிறேன். மனிதர் பாட்டியாலா ராஜ வம்சம். மகாராஜா யாதவீந்திர சிங்கின் மகன். காலை நீட்டி உட்கார்ந்து சாப்பிட்டிருக்கலாம். கடக்வாஸ்லா, டேராடூன் என்று பயிற்சி முடித்து 1963-ல் பட்டாளத்தில் சேர்ந்தார். 1965 தொடக்கத்தில் ராஜினாமா செய்தவர், போர் மூண்டதும் தானாகப் போய்த் திரும்பச் சேர்ந்தார். அவரை யார் கூப்பிட்டார்கள்? நீங்கள் போவீர்களா?

ஆவடி பட்டாளம்:
நான் போவேனா என்று கேட்கிறீர்களா! மெட்ராஸ் ரெஜிமெண்டில் ஹவில்தாராக இருந்து வந்தவன் தம்பி நான். எங்களுக்கு ஒரு வாரம் லீவு வேண்டும் என்றாலே சுபேதார் முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்போம். இவருக்கு ராஜினாமா, திரும்பச் சேருவது, போர் முடிந்ததும் மறுபடி ராஜினாமா. பேருக்கு முன்னால் கேப்டன் மட்டும் ஆயுசுக்கும். போகட்டும். ராஜா பிக்கெட்டுக்குப் பதில் வரவில்லை.

மயிலை மணி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். ஏடிசி என்றால் சும்மா பை தூக்குபவர் இல்லை. செப்டம்பர் 9 இரவு, விடிந்தால் 10. பஞ்சாப் எல்லையில் கேம் கரண் பக்கம் பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகள் உள்ளே வந்துவிட்டன. ராணுவத் தலைமைத் தளபதி ஜெ.என்.சௌத்ரி போனில் வந்து, படையைப் பியாஸ் ஆற்றுக்கு இழுத்துக்கொள் என்கிறார். ஹர்பக்ஷ் முடியாது என்கிறார். இழுத்திருந்தால் அமிர்தசரஸ் அம்போ. அந்த அழைப்பு வந்தபோது பக்கத்திலேயே இருந்ததாக அமரீந்தர் எழுதியிருக்கிறார். 1965 போர் பற்றி ஓய்வுபெற்ற லெப்டினன்ட் ஜெனரல் ஒருவரோடு சேர்ந்து புத்தகமே போட்டவர்.

ஆவடி பட்டாளம்:
"அவரே எழுதியிருக்கிறார்." மணி சார், இதைத்தான் நானும் சொல்கிறேன். அப்படி ஒரு உத்தரவே வரவில்லை என்று மறுப்பவர்களும் இருக்கிறார்கள், அதை விட்டுவிட்டீர்கள். வந்தது என்றே வைத்துக்கொள்வோம். மறுத்தது ஹர்பக்ஷ். 10-ம் தேதி கேம் கரண் பக்கத்து அசல் உத்தர் கிராமத்தில் ஜீப்பில் பொருத்திய பீரங்கியை வைத்துக்கொண்டு டாங்கிகளை அடித்துச் செத்தது அப்துல் ஹமீத். அவர் சாதாரண ஹவில்தார், தையற்காரர் வீட்டுப் பிள்ளை, பரம்வீர் சக்கரம். உங்கள் ஆள் பிடித்தது ரிசீவர். அந்தப் பார்வர்டில் ஹமீத் பெயர் இருந்ததா? கன்னா பெயர் இருந்ததா?

கோயம்பேடு தொண்டன்:
சென்னையில் உட்கார்ந்துகொண்டு கேப்டன் கேப்டன் என்று யாரையோ பேசுகிறீர்களே. இந்த ஊருக்கு ஒரே கேப்டன்தான், எங்கள் விஜயகாந்த். மற்றதெல்லாம் பாட்டியாலாவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆவடி பட்டாளம்:
அடுத்தவர் வந்துவிட்டார். உங்களுடையது 1991-ல் ஒரு படத்திலிருந்து ஒட்டிக்கொண்ட பட்டம் ஐயா. அவராவது சினிமாத் துப்பாக்கி பிடித்தார்.

தி.நகர் ரசிகன்:
சீருடையையே கேலி செய்யும் முன்னாள் பட்டாளத்துக்காரரை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். ராணுவம் கற்றுக்கொடுத்த முதுகெலும்பு அரசியலில் தெரிந்தது. ராஜீவ் காந்தி டூன் பள்ளித் தோழர், அவர் வழியாகத்தான் 1980-ல் எம்.பி. ஆனார். ஆனாலும் 1984-ல் பொற்கோயிலுக்குள் ராணுவம் போனதும் எம்.பி. பதவியையும் காங்கிரசையும் தூக்கி எறிந்தார். அகாலி தளத்தில் மந்திரி ஆனார். 1986-ல் கோயிலுக்குள் போலீஸ் போனதும் அதையும் விட்டார். நம்ம ஊரில் ஒரு கவுன்சிலர் பதவியை விடுவார்களா?

ஆவடி பட்டாளம்:
நன்றாக எடுத்துக் கொடுத்தீர்கள். பட்டாளத்தில் ரெண்டு ராஜினாமா, 1984, 1986, சட்லெஜ்-யமுனை கால்வாய்த் தீர்ப்பு வந்ததும் 2016-ல் எம்.பி. பதவி, 2021-ல் முதல்வர் பதவி. கடைசியை அவராக விடவில்லை, கட்சி விட வைத்தது. கொள்கை என்கிறீர்கள். காங்கிரஸ், அகாலி, சொந்தக் கட்சி, மறுபடி காங்கிரஸ், மறுபடி சொந்தக் கட்சி, 2022-ல் பா.ஜ.க. தாம்பரத்தில் ஏறிக் கடற்கரை போவதற்குள் மின்சார ரயில்கூட இத்தனை தடவை தடம் மாறாது. ராஜா பிக்கெட்?

புரசை பொன்னி:
அந்த மலையை விட்டு இறங்கவே மாட்டீர்களா சார்? தண்ணீர் பற்றி ஒருவரும் பேசவில்லை. ஹரியானாவுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் சட்லெஜ்-யமுனை கால்வாயை முடித்துக்கொடு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அமரீந்தர் முதல்வராக 2004-ல் சட்டசபையைக் கூட்டி, நதிநீர் ஒப்பந்தங்களே செல்லாது என்று சட்டம் போட்டார். பஞ்சாபில் கொண்டாடினார்கள். 2016-ல் அந்தச் சட்டம் அரசியல் சட்டத்துக்கு ஒத்துவராது என்று நீதிமன்றம் கருத்துச் சொன்னது. பஞ்சாப் மேலே இருக்கிறது, ஹரியானா கேட்டுக்கொண்டு நிற்கிறது. காவிரியில் நாம் யார் பக்கம்? பெங்களூரில் ஒருவர் இதே சட்டத்தைப் போட்டிருந்தால் ரசிகன் சார் முதுகெலும்பு என்று எழுதுவாரா? எனக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் நிலம் இருக்கிறது, மேட்டூர் திறக்கும் தேதியைப் பார்த்து நாற்றங்கால் போடுகிற வீடு. கோபம் வருகிறது.

தி.நகர் ரசிகன்:
அது வேறு, இது வேறு. தன் மாநில விவசாயிக்காக நின்றார். நமக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லையே என்றுதான் ஆதங்கம்.

புரசை பொன்னி:
எப்படி வேறு? அதைச் சொல்லுங்கள்.

மயிலை மணி:
மக்கள் தீர்ப்பையும் பாருங்கள். 2014-ல் நாடெங்கும் மோடி அலை, அமிர்தசரஸில் அருண் ஜெட்லியை ஒரு லட்சம் ஓட்டுக்கும் மேல் தோற்கடித்தார். 2017-ல் 117 இடத்தில் 77. வெறும் ரிசீவர் பிடித்தவருக்கு இதெல்லாம் விழுமா?

ஆவடி பட்டாளம்:
2022-ல் சொந்தப் பாட்டியாலாவிலேயே தோற்றதை ஏன் விழுங்கினீர்கள்? அதுவும் மக்கள் தீர்ப்புதானே. நான் தேர்தலைப் பேசவே வரவில்லை. டாங்கி. டாங்கியை நொறுக்கினார் என்று எழுதியது சரியா, தப்பா? ஒரு சொல்லில் பதில் போதும்.

தி.நகர் ரசிகன்:
உங்களுக்கு அதிகாரிகள் மேல் இருக்கும் பழைய எரிச்சலை இங்கே கொட்டுகிறீர்கள். நிறைய தாங்கியிருப்பீர்கள், புரிகிறது.

ஆவடி பட்டாளம்:
என் எரிச்சலை விடுங்கள். டாங்கி?

கோயம்பேடு தொண்டன்:
பட்டாளத்துக்கே போகாமல் 2011-ல் எதிர்க்கட்சித் தலைவர் ஆனவர் எங்கள் கேப்டன். தி.மு.க.வுக்கு 23, எங்களுக்கு 29. படைவீரர் இல்லையென்றாலும் படை இருந்தது.

தி.நகர் ரசிகன்:
28. அதுவும் அ.தி.மு.க. கூட்டணி தயவில்.

கோயம்பேடு தொண்டன்:
29! ரிஷிவந்தியத்தில் எங்கள் கேப்டன் ஜெயித்ததை நீங்கள் கழித்துவிட்டால் நான் என்ன செய்ய?

புரசை பொன்னி:
எப்படி வேறு என்று இன்னும் சொல்லவில்லை.

ஆவடி பட்டாளம்:
எனக்கும்தான் சொல்லவில்லை, வரிசையில் நில்லுங்கள் அம்மா. நான் முதலில் கேட்டேன்.