மறு: பியர் பழுப்பாவதற்குச் சொல் – ‘காற்றுக்கறுப்பு’?

வணக்கம்.

காற்றுப் பட்டுப் பியர் பழுப்பாவதைக் ‘காற்றுக்கறுப்பு’ எனலாமா என்று இங்கே கேட்டிருந்தேன். வந்த மறுமொழிகளில் பாதி சிரிப்பு. ஏன் சிரித்தீர்கள் என்று தெரியும், கடைசியில் வருகிறேன்.

போன மாதம் இங்கே மான்செஸ்டரில் வீட்டில் 20 லிட்டர் கலங்கல் ஐபிஏ என்ற பியர் போட்டேன். ஓட்ஸ், கோதுமை, நொதிக்கும்போது அள்ளிப்போட்ட ஹாப்ஸ் (பியருக்கு வாசமும் கசப்பும் தரும் பூ). பாட்டிலில் அடைத்த அன்று மாம்பழச்சாறு நிறம். மூன்றாம் வாரம் திறந்தால் ஆறிப்போன சுக்குக்காப்பி, ஓரத்தில் லேசாக ஊதா. ஹாப்ஸ் வாசம் போய் நனைந்த அட்டைப்பெட்டி வாடை. அதே வாரம் நண்பர் மால்ட் (முளைகட்டிய தானியம்) பாகில் காய்ச்சிய பியரும் கருமையாக வந்தது. கணக்குப்படி 8 ஈபிசி (பியரின் நிற அளவு) இருக்கவேண்டியது, கண்ணுக்கு அதுபோல் இரண்டு மடங்கு.

ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘பிரவுனிங்’தான். நம் அடுக்களையில் இந்தக் குழப்பமே கிடையாது. வெங்காயம் சிவக்க வதங்கும். நறுக்கிய வாழைக்காய் கறுத்துப்போகும். ஒன்று சூட்டின் வேலை, மற்றது காற்றின் வேலை. வாழைக்காயை மோர்த்தண்ணீரில் போடுகிற அம்மா வெங்காயத்தைப் போடுவதில்லையே.

நண்பருடையது சூட்டுச்சிவப்பு. சர்க்கரையும் அமினோ அமிலமும் சேர்கிற வினை, 1912இல் மையார் என்ற பிரெஞ்சுக்காரர் விவரித்தது. டப்பாவில் நாள்பட்ட பாகிலும் அதே வினை மெதுவாக நடக்கிறது. புதுப் பாகு வாங்கி, பெரும்பகுதியைக் கொதி முடிகிற நேரத்தில் சேர்த்தால் குறையும். என்னுடையது வேறு, காற்றுக்கறுப்பு: மால்ட், ஹாப்ஸ் இரண்டிலும் உள்ள பாலிபீனால் என்ற தாவரச் சேர்மத்தோடு, அடைக்கும்போது புகுந்த ஆக்சிஜன் சேர்ந்துவிட்டது. குழாயைப் பாட்டிலின் அடிவரை இறக்காமல் மேலிருந்து சலசலவென்று ஊற்றினேன், வேறென்ன.

> பியர் கறுப்பாகவில்லையே, பழுப்பாகத்தானே ஆனது?

வாழைக்காயும் கரியாவதில்லை. ஆனாலும் கறுத்துப்போச்சு என்றுதான் சொல்கிறோம்.

> வாழைக்காயில் அதைக் கறுக்கவைக்கும் நொதி (என்சைம்) இருக்கிறது. பியரில் அது கொதியிலேயே செத்திருக்குமே?

உண்மை. நொதி இல்லாமலும் பாலிபீனால் ஆக்சிஜனோடு சேரும், மெதுவாக. பெயரில் நான் வைத்தது காற்றை, நொதியை அல்ல.

> ‘ஒட்சியேற்ற நிறமாற்றம்’ என்றே எழுதலாமே. நாங்கள் படித்தது அப்படித்தான்.

அண்ணா, பாடநூலுக்கு அது சரி. ஆனால் யாழ்ப்பாணத்தில் ஒட்சியேற்றம், சென்னையில் ஆக்சிஜனேற்றம் என்று வாசலிலேயே சண்டை தொடங்கிவிடும். காற்றும் கறுப்பும் இரண்டு கரையிலும் இருக்கின்றன.

> காத்துக்கருப்பு அடிச்ச பியருக்கு வேப்பிலை போதுமா, கோடாங்கி கூப்பிடணுமா?

இதற்குத்தான் எல்லோரும் சிரித்தது. எனக்கும் முதலில் சங்கடமாக இருந்தது. பிறகு யோசித்தால், இந்தப் பெயரைக் கேட்டவர் யாரும் பியரைக் கெடுத்தது காற்றுதான் என்பதை மறக்கப்போவதில்லை. றகரம் போட்டு, சேர்த்து எழுதுகிறேன். பேய் வேண்டுபவர்கள் ரகரம் போட்டுக்கொள்ளலாம்.

எது எது என்று பிரிப்பது எளிது. நொதிகலத்தில் ஊற்றிய அன்றே கருமை என்றால் சூட்டுச்சிவப்பு. பாட்டிலில் நாள் போகப்போக என்றால் காற்றுக்கறுப்பு. ஆனால் பெரிய கலத்தில் பார்த்துப் பயப்படவேண்டாம், ஆழம் கூடினாலே கருமையாகத்தான் தெரியும். ஒரு கிளாசில் ஊற்றிப் பாருங்கள்.

வோர்ட்டுக்கு (நொதிக்கவைக்கும் முன் உள்ள மால்ட் சாறு) ‘ஊறல்’ என்று ஒருவர் சொன்னது பிடித்திருக்கிறது, ஆனால் ‘500 லிட்டர் ஊறல் அழிப்பு’ என்ற கள்ளச்சாராயச் செய்திதான் கண்முன் வருகிறது. அதைத் தனி இழையில் பேசுவோம்.