யானை விரட்டும் பெட்டி உண்மையில் யாருக்குக் கேட்கிறது?

ஒட்டுசுட்டான் கமக்காரன்: வயல் வரம்பில் ஒரு சத்தப் பெட்டி கட்டியிருக்கிறேன். 25,000 ஹேர்ட்ஸ் கழியொலியாம், அதாவது செக்கனுக்கு 25,000 தரம் துடிக்கிற சத்தமாம், மனிதருக்குக் கேட்காது, யானை கிட்டவும் வராது என்று விற்றவன் சொன்னான். இரண்டு இரவாக யானை வரவில்லை. யானைவெடி கொளுத்திக் கை சுட்டவர்கள் யோசியுங்கள்.

நெடுங்கேணிப் பெடியன்: அண்ணை, எங்கள் பக்கம் பெட்டி இல்லாமலே ஒரு கிழமை வரவில்லை. யானைக்கு 25,000 கேட்காது. எங்களுக்கு 20 முதல் 20,000 வரை கேட்கும் (வயது போகப் போக மேல் பக்கம் குறையும், உங்களுக்கு இப்போது 12,000 கேட்டாலே பெரிய காரியம்). ஓர் இளம் ஆசிய யானையைப் பழக்கிச் சோதித்து 1980இல் எழுதினார்கள், அதற்குக் கிட்டத்தட்ட 10,500 வரைதான்.

கமக்காரன்: சுளகு மாதிரிக் காது, அதற்குக் கேட்காதாம்! பெட்டியைப் போட்டால் என் நாய் காவல் கொட்டிலுக்குப் பின்னால் ஓடிப்போய்ப் படுக்கிறது. சத்தம் இல்லாமலா?

மாங்குளம் ரீச்சர்: நாய்க்குக் கேட்கும், 45,000 வரை. பூனைக்கு அதற்கும் மேலே. காது மடலின் அளவில்லை, தலையின் அளவுதான் விஷயம். சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அறிய, அது ஒரு காதுக்கு முந்தியும் மற்றதற்குப் பிந்தியும் வர வேண்டும், அல்லது ஒரு பக்கம் குறைவாகக் கேட்க வேண்டும். எலி, வௌவாலுக்குத் தலை சின்னது, நேர வித்தியாசம் போதாது, ஆகவே அந்தச் சின்னத் தலையே மறைக்கக்கூடிய உயர்ந்த மீடிறன் (துடிப்பு வேகம்) அவற்றுக்குத் தேவை. யானைக்கு அந்தக் கஷ்டம் இல்லை. சுளகுக் காது உடம்புச் சூட்டை ஆற்றவும் உதவுகிறது.

கமக்காரன்: அப்போ 2004 சுனாமிக்கு யால வனத்தில் யானைகள் முன்னமே ஓடினவே?

பெடியன்: இடம் காட்டும் கழுத்துப்பட்டி பூட்டிய இரண்டு யானைகளின் பதிவைப் பிறகு பார்த்தார்கள், அப்படி ஓடவில்லை.

ரீச்சர்: தம்பி, இரண்டு யானையும் இவருடைய இரண்டு இரவும் ஒரே மாதிரிச் சின்னக் கணக்குத்தான், அவசரப்படாதே. ஆனால் அண்ணை, யானை கெட்டிக்காரத்தனம் காட்டுவது கீழ்ப் பக்கத்தில். 1984இல் கேட்டி பெய்ன் என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் போர்ட்லண்ட் மிருகக்காட்சிச்சாலையில் யானைகளுக்குப் பக்கத்தில் நின்றபோது காற்று துடிப்பதுபோல் உணர்ந்தார். பதிவு செய்து பார்த்தால், 20க்கும் கீழே அவை பேசிக்கொள்கின்றன. அந்தச் சத்தம் காட்டுக்குள்ளால் கிலோமீற்றர் கணக்கில் போகும். கழியொலியோ கொஞ்சத் தூரத்திலேயே காற்றில் தேய்ந்துவிடும். உங்கள் பெட்டி சத்தம் போடுவது நேர் எதிர்ப் பக்கத்தில்.

கமக்காரன்: படித்தவர்கள் இரண்டு பேரும் ஒரு பக்கம். சரி, இன்றிரவு நிறுத்திப் பார்க்கிறேன்.

கமக்காரன் (மறுநாள்): யானை வரவில்லை. நாய் மட்டும் திரும்ப வந்து பெட்டிக்குக் கீழேயே படுத்திருக்கிறது. விற்றவன் போன் எடுக்கிறானில்லை.